இரண்டு பேருக்குக் குறைந்தால் செய்வதில்லை

"கட்டில் சேத்துப் போட்டதா, தனித்தனியாவா?" என்று தொலைபேசியில் ஒரு விடுதிக்காரப் பெண் கேட்டபோது, அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது. அடெல்மோவுக்கு அது நல்லதாகப் போயிற்று. "அடுப்பப் பாக்கணும், அப்புறம் கூப்பிடறேன்" என்று சட்டென வைத்துவிட்டார். அன்று காலையில் மட்டும் இப்படிப் பாதியில் வைத்த விடுதிகள் பல. கடல் தெரியுமா, மின்தூக்கி இருக்கிறதா, காலைப் பலகாரத்துக்கு என்ன கொடுப்பார்கள் என்றெல்லாம் தெளிவாகத்தான் ஆரம்பிப்பார். இந்தக் கட்டில் கேள்வி வந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓடு செய்யும் தொழிற்சாலையில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். பல்லுக்குச் சிகிச்சை செய்துகொண்டபோதுகூட இவ்வளவு வியர்த்ததில்லை.

இதற்கு முன்னால் அவர் விடுதி தேர்ந்தெடுத்ததே கிடையாது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கடற்கரைக்குப் போகும்போது அவரும் மனைவி நாதியாவும் பெல்லாரியாவில் இருக்கும் மிமோசா விடுதிக்குப் போவார்கள். எப்போதும் அதே அறை, ஜன்னலோரத்து அதே மேசை. மத்தியானம் மிச்சம் வைத்த திராட்சை மது அறை எண் ஒட்டிய பாட்டிலோடு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பி வரும். கடற்கரையில் மூன்றாவது வரிசைக் குடை, பக்கத்துக் குடையில் வருஷா வருஷம் மோதெனா ஊரிலிருந்து வரும் அதே குடும்பம். என்ன சாப்பிடுவது என்பதை விடுதிக்காரி இல்தே முடிவு செய்வாள், மற்றதையெல்லாம் நாதியா. அடெல்மோவுக்கு மிஞ்சிய வேலை வெயிலில் மல்லாந்து படுப்பதும் குப்புறப் படுப்பதும்தான். அதிலும் எப்போது திரும்ப வேண்டும் என்பதை நாதியாதான் சொல்வாள். அவள் இறந்துபோன பிறகு அவர் கடல் பக்கமே போகவில்லை.

இப்போது ஒரியெல்லா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். புருஷன் எப்போதோ தூரின் நகரத்துக்குப் போய் அங்கேயே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடன மண்டபத்தில்தான் பழக்கம். வால்ட்ஸோ மசூர்க்காவோ, எந்த ஆட்டமானாலும் அவர் கை லேசாக அழுத்தினால் அவள் திரும்புவாள். மண்டபத்தில் அடெல்மோவுக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் அவளை வீட்டு வாசலில் விட்டு, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஒன்றரை வருடமாக இவ்வளவுதான். ஜூனில் ஒரு மசூர்க்கா முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, இந்த வருஷம் கடலுக்குப் போகலாமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"போலாமே" என்றாள் ஒரியெல்லா, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. "ஆனா ஒண்ணு. ஓட்டல், சாப்பாடு எல்லாம் நீங்கதான் பாத்துக்கணும். வருஷம் பூரா இருநூறு பிள்ளைங்களுக்கு இன்னிக்கு என்ன ஆக்கறதுன்னு யோசிச்சு யோசிச்சு நான் ஓஞ்சு போயிட்டேன்."

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் கெட்டது. ஒரே அறை எடுத்தால், இந்த ஆள் என்னை என்னவென்று நினைத்துவிட்டான் என்பாள். இரண்டு அறை எடுத்தால், நான் என்ன இவனுடைய அத்தையா என்பாள். எப்படிச் செய்தாலும் அவளை இழந்துவிடுவோம் என்று நிஜமாகவே பயந்தார். நாதியாவுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை மறுபடி வந்ததே இவளால்தான். அது போய்விட்டால் மிச்சக் கிழமைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில் வேறு வழியில்லாமல் இல்தேவுக்கே தொலைபேசினார்.

"இல்தேக்கா, என் சிநேகிதன் ஒருத்தனுக்கு ஒரு யோசனை கேக்கணும்."

"அடப்பாவி, உயிரோடதான் இருக்கியா? சொல்லு, என்னவாம் அவனுக்கு?"

"அவனும் ஒரு அம்மாவும் கடலுக்கு வராங்க. கல்யாணம் ஆகல. ரூம் ஒண்ணு எடுக்கறதா ரெண்டு எடுக்கறதான்னு கெடந்து தவிக்கறான்."

"வயசு என்ன?"

"என் வயசுதான்."

"இந்த வயசுல என்னத்தத் தவிக்கறான்? அந்த அம்மாகிட்டயே கேக்கச் சொல்லு."

"கேட்டா தப்பா எடுத்துக்குவாங்களோன்னு..."

இல்தே கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "நாதியா இருந்திருந்தா இதையும் அவளே புக் பண்ணிக் குடுத்துட்டுப் போயிருப்பா. எங்கிட்ட ரூம் இல்லப்பா. இருந்தாலும் உனக்குத் தர மாட்டேன். அந்த ஜன்னலோரத்துல உக்காந்து உன்னால ஒரு வாய் முழுங்க முடியாது." சிநேகிதன் எந்த இடத்தில் காணாமல் போனான் என்பதை அடெல்மோ கவனிக்கவே இல்லை.

அதற்கப்புறம் அவர் செய்த காரியம், எதையுமே முடிவு செய்து பழகாத ஒருவர் மட்டுமே செய்யக்கூடியது. இரண்டையும் எடுத்துவிட்டார். கத்தோலிக்கா என்ற கடலோர ஊரில் ஒரு விடுதியில் இரண்டு அறைகள். ஒரு சிற்றாற்றுப் பாலத்தைத் தாண்டினால் அடுத்த ஊர் கபிச்சே, அங்கே ஒரு விடுதியில் சேர்த்துப் போட்ட கட்டிலோடு ஒரே அறை. குடும்பமாக நடத்தும் விடுதிகள். வாய்ச்சொல்லுக்கே அறையை ஒதுக்கி வைத்தார்கள். முதலில் ஆற்றோரம் மத்தியானச் சாப்பாடு சாப்பிடலாம், ஒரியெல்லாவின் முகத்தைப் பார்த்தால் எந்தக் கரை என்று தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

ரயிலில் ஒரியெல்லா சிவப்புப் பெட்டியும் வைக்கோல் தொப்பியுமாக வந்திருந்தாள். பொலோஞ்ஞா நிலையத்தில், "எங்க தங்கறோம்?" என்று கேட்டாள். ரிமினி தாண்டும்போது மறுபடி கேட்டாள். "வந்து பாருங்களேன்" என்றார் இவர், மென்று விழுங்கி. ஏதோ பெரிய ஏற்பாடு செய்து ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்து அவள் ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கத்தோலிக்கா துறைமுகத்தில் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருந்தன. முதல் கடையில் சாப்பாட்டின் படங்களை வாசலில் ஒட்டியிருந்தார்கள், அது வெளிநாட்டுக்காரர்களுக்கு. இரண்டாவது கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள், ஈ ஓட்டும் கடையில் மீன் என்ன லட்சணத்தில் இருக்கும்? மூன்றாவதில் இடமே இல்லை. இடமில்லாத கடைதான் நல்ல கடை என்று நினைத்து, அங்கே இடம் கிடைக்கும்வரை முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு நடந்தார். ஒரியெல்லா ஒரு செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தடவிக்கொண்டாள்.

"அடெல்மோ, நான் இப்ப எங்கயாச்சும் உக்காரணும். அது சவப்பெட்டிக் கடையா இருந்தாலும் சரி."

நல்லவேளையாக மூன்றாவது கடையில் ஒரு மேசை காலியானது. பரிமாறும் பெண் காகிதமும் பேனாவுமாக வந்து நின்றாள். அடெல்மோ பலகையில் எழுதியிருந்ததை மேலிருந்து கீழாகவும், கீழிருந்து மேலாகவும் படித்தார்.

"மீன் குழம்பு ஒண்ணு" என்றார்.

"ரெண்டு பேருக்குக் கொறஞ்சா அத வைக்க மாட்டோம். ரெண்டு பேரும் சாப்பிடுவீங்களா?"

எளிமையான கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைக் கேட்டால் முடிந்தது. அடெல்மோ திருதிருவென விழித்தார். நாதியாவுக்கு மீன் குழம்பு பிடிக்கும். ஒரியெல்லாவுக்கு? ஒன்றரை வருடத்தில் அவளோடு உட்கார்ந்து அவர் எலுமிச்சைச் சாறும் காப்பியும் தவிர வேறெதுவும் சாப்பிட்டதில்லை. வாயைத் திறப்பதற்குள் சட்டைப் பையில் தொலைபேசி அலறியது.

"ஐயா, உங்க டபுள் ரூம் தயாரா இருக்கு. பண்டிகை வாரம், வாசல்ல ஆளுங்க நிக்கறாங்க. எப்ப வரீங்க?" கபிச்சேக்காரன் குரல் பக்கத்து மேசைக்கும் கேட்டது.

"வர்றேன், வர்றேன்" என்று வைத்தார். வைத்த கை மேசைக்குப் போவதற்குள் மறுபடியும் அலறியது. இந்த முறை கத்தோலிக்காக்காரி. "ரெண்டு ரூமும் உங்களுக்காகத்தான் வெச்சிருக்கேன் ஐயா. இன்னும் எவ்வளவு நேரம் வெச்சிருக்கறது, சொல்லுங்க?"

ஒரியெல்லா தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். "எத்தன ஓட்டல் போட்டிருக்கீங்க?"

"ரெண்டு."

"நாமளும் ரெண்டு பேரு. ஆளுக்கு ஒரு ஓட்டலா?"

பரிமாறும் பெண் மெல்ல நகர்ந்து அடுத்த மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். அடெல்மோ எல்லாவற்றையும் சொன்னார். பாலத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு அறை, அந்தப் பக்கம் ஒன்று, உங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று நினைத்தேன் என்று சொல்லி முடிக்கும்போது, தன் காதுக்கே அது மடத்தனமாகக் கேட்டது. ஒரியெல்லா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"என் முகத்துல என்ன எழுதி ஒட்டியிருக்கா? பாத்துக்கங்கன்னு சொன்னேன். என் முகத்தப் பாத்து முடிவு பண்ணச் சொல்லல. ஒரே ரூம்னு கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன், இல்ல வேணாம்னு சொல்லியிருப்பேன். ரெண்டுல ஒண்ணுதானே? அதுக்கு ஏன் இவ்வளவு பயம்?"

"நீங்க போயிடுவீங்களோன்னு."

அவள் அவரை நேராகப் பார்த்தாள். கோபம் போயிற்றா இல்லையா என்று அடெல்மோவுக்குப் பிடிபடவில்லை. அவள் கையை உயர்த்திப் பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டாள். "மீன் குழம்பே குடும்மா. ரெண்டு பேருக்கு. எனக்குப் பசிக்குது, அதான்." கடைசி வார்த்தையை அடெல்மோவைப் பார்த்துச் சொன்னாள்.

குழம்பு சட்டியோடு வந்தது. நண்டும் நெத்திலியும் பெயர் தெரியாத முள் மீன்களும் தக்காளிச் சாற்றில் கிடந்தன. அவள் கையாலேயே முள் எடுத்து, ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டாள். அவருக்கு ருசியே தெரியவில்லை. பாதிச் சட்டி காலியானதும் அவள் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரம்மா எல்லாத்தையும் முடிவு பண்ணுவாங்க, நீங்க என்ன சொல்லுவீங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அது அவங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

அடெல்மோ ரொட்டியைக் கீழே வைத்தார். அவருக்குத் தெரியாது. அத்தனை ஆகஸ்ட் மாதங்களில் ஒரு தடவைகூட அவர் அதைக் கேட்டதில்லை. குடைக்கு அடியில் நாதியா சில நாள் காரணமில்லாமல் பேசாமல் இருந்திருக்கிறாள். வெயில் அதிகம் என்று இவர் நினைத்துக்கொண்டு குப்புறப் படுத்துவிடுவார். இப்போது நெஞ்சுக்குள் எதுவோ வலித்தது, அது முள்ளில்லை என்பது மட்டும் தெரிந்தது.

கடையை விட்டு வெளியே வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மீன்பிடிப் படகுகள் ஆற்று முகத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. பாலம் நாலு எட்டில் இருந்தது. அடெல்மோ பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, ஒரு முறை செருமினார்.

"ஒரியெல்லா. நான் உங்க கூட ஒரே ரூம்ல இருக்கணும்னு ஆசைப்படறேன். தூங்கும்போது கொறட்டை விடுவேன். நடுராத்திரி எந்திரிச்சு நடப்பேன். அப்புறம் என்ன பண்ணணும், எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியாது. ஆனா ஆசப்படறேன். நீங்க வேணாம்னு சொன்னா, இந்தப் பக்கம் ரெண்டு ரூம் இருக்கு."

 இவ்வளவு நீளமாக அவர் எதையும் வேண்டும் என்று சொன்னதில்லை. ஒரியெல்லா தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு, குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கினாள். அது அவருடைய பெட்டி. தவறுதலாக எடுத்தாளா, தெரிந்தேதான் எடுத்தாளா என்று யோசிப்பதற்குள் அவள் பாலத்தை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள். அடெல்மோ சிவப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

பாலத்தின் நடுவில் அவள் நின்றாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, செருப்புகளைக் கழற்றிப் பக்கத்தில் விட்டாள். கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, கீழே போகும் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தாள். அடெல்மோ பக்கத்தில் வந்து நின்றார். அவள் திரும்பவில்லை, ஆனால் தள்ளி நின்று கொஞ்சம் இடம் விட்டாள். சிவப்புப் பெட்டியை இறக்கி வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல், அதைக் கையில் பிடித்தபடியே அவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.