கறுப்புத் தகட்டில் ஒரு நீல முள்

திங்கள், புதன், வெள்ளியில் நான் அளந்தால் எழுநூறு டிகிரி. செவ்வாய், வியாழனில் மாப்பிள்ளை அளந்தால் எழுநூற்று நாற்பத்தைந்து. தகடு அதேதான், எரிவாயு அதே அழுத்தம், காற்று அதே அளவு, கருவியும் ஒன்றேதான். அந்த நாற்பத்தைந்து டிகிரி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று மூன்று வாரமாக எனக்குப் பிடிபடவில்லை.

மாப்பிள்ளை என்றால் எனக்கு மாப்பிள்ளை முறை இல்லை. சோதனைக் கூடத்தில் என்னோடு அளவெடுப்பவன். எண்ணெயும் கரியும் புழங்கும் இடத்துக்கு, கல்யாணத்துக்குப் புறப்பட்டவன்போலத் தினமும் வெள்ளைச் சட்டையில் வருவான். அதனால் கூடத்தில் எல்லோரும் வைத்த பெயர்.

நாங்கள் அளப்பது எரியறைக்குள் இருக்கும் உலோகத் தகடுகளின் சூட்டை. நெருப்புக்கு நடுவே சூடு அளக்கும் கம்பியைக் கொண்டுபோய் ஒட்டினால் கம்பி காற்றோட்டத்தைக் கெடுக்கும், சில நாளில் தானும் கருகும். அதனால் தகட்டின்மேல் ஒளிரும் தூள் ஒன்றைக் குழைத்து மெல்லியதாகப் பூசிவிடுவோம். வெளியே இருந்து, கண்ணாடிச் சன்னல் வழியாக, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா லேசரை மின்னல்போல ஒரு வெட்டு வெட்டினால் பூச்சு நீலமாக ஒளிர்ந்து அணையும். எவ்வளவு பிரகாசம் என்பது எங்களுக்கு முக்கியமில்லை. எவ்வளவு வேகமாக அணைகிறது என்பதுதான் கணக்கு. மணியை அடித்துவிட்டு ரீங்காரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்பதுபோல. சூடு என்பது அந்த மணியைப் பிடிக்கும் கை. சூடு ஏற ஏறப் பிடி இறுகும், ரீங்காரம் சீக்கிரம் அடங்கும். எல்லாம் நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் நடந்து முடிந்துவிடும். அணையும் வேகத்தைக் கோடாக வரைந்து, கணினி சூட்டைச் சொல்லும்.

அந்தத் தகடுகளைப் பற்றவைத்தவன் என் அண்ணன். தகட்டின் உள்ளே குளிர்காற்று ஓடும் நுண்துளைகள் உண்டு. பற்றவைக்கும்போது துளை அடைபட்டால் தகடு கொதிக்கும். எழுநூற்று இருபது வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் வெல்டிங் மோசம் என்று பொருள். அண்ணனுடைய வெல்டர் சான்றிதழ் போய்விடும். பதினெட்டு வருடம் முகமூடிக்குள் வெந்து வாங்கிய சான்றிதழ்.

மேலாளருக்குத் துருவி என்று பெயர். தேங்காயைக்கூட ஓடு வரை துருவித்தான் விடுவார் என்பார்கள். அந்தப் புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு, என் அளவுத் தாளையும் மாப்பிள்ளையின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"கருவி ஒண்ணு, ஆள் ரெண்டு. கருவிக்கு அண்ணன் தம்பி கிடையாது. உங்களுக்கு உண்டு. நான் சொல்றது புரியுதாம்மா?"

"எண்ணை நான் எழுதலை சார். கணினிதான் எழுதுது."

"கணினியைத் தட்டுறது யாரு?"

அவர் இரண்டு தாளையும் என் பக்கம் தள்ளினார்.

"சனிக்கிழமைக்குள்ள ரெண்டும் ஒண்ணாகணும். இல்லேன்னா பெரிய எண்ணைத்தான் நான் நம்புவேன். சூட்டுல ஏமாந்தா அடி யாருக்கோ விழும்."

அதைக் குறை சொல்ல முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் பெரிய எண்ணைத்தான் நம்புவேன்.

வீட்டில் அண்ணன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்: "உண்மையைச் சொல்லு. எனக்காகக் குறைச்சுப் போடுறியா?"

"ஏன், உன் கைமேல உனக்கே நம்பிக்கை போயிடுச்சா?"

"இருந்துச்சு. மாப்பிள்ளையோட எண்ணைப் பார்க்கிற வரைக்கும்."

அண்ணி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "அந்த மாப்பிள்ளையோட சகலையும் வெல்டர்தானாம். ஆறு மாசமா வேலை தேடுறாராம். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

எனக்குச் சொல்லவில்லை. இனி யாரும் சொல்லவும் தேவையில்லை. அன்று இரவு முழுக்க என் மனதில் சகலை, சான்றிதழ், நாற்பத்தைந்து டிகிரி மூன்றும் ஒரே நூலில் கோத்துக்கொண்டன. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கிறது என்றே முடிவு கட்டினேன்.

வியாழன் எனக்கு வேறு வேலை. ஆனாலும் காலையிலேயே கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளை செய்த ஒவ்வொன்றையும் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். எரிவாயுக் குழாயைத் திருகினான், சரி. லேசரை நேராக்கினான், சரி. சன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் 'ஹா' என்று ஊதி, சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த வெள்ளைத் துணியை எடுத்து, மூக்குக்கண்ணாடி துடைப்பதுபோல அக்கறையாகத் துடைத்தான். கணினியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. எழுநூற்று நாற்பத்தாறு என்று வந்தது.

"உங்க சகலைக்கு வேலை கிடைச்சிடுச்சா தம்பி?" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது. "சுத்தி வளைக்காதீங்கக்கா. நான் எண்ணை ஏத்துறேன்னு நினைக்கிறீங்க. நீங்க இறக்குறீங்கன்னு நான் நினைச்சுட்டு இருக்கேன். இந்தாங்க நாற்காலி. சாயங்காலம் வரைக்கும் பக்கத்துல உட்காருங்க. நானும் உங்களைப் பார்க்கிறேன், நீங்களும் என்னைப் பாருங்க."

இரண்டு போலீஸ்காரர்கள்போல உட்கார்ந்தோம். திருடன் மட்டும் இல்லை.

வழக்கமாகக் காலையில் ஒருமுறைதான் அளப்போம்; அன்று மணிக்கொருமுறை அளந்தோம். பத்து மணிக்கு எழுநூற்று நாற்பத்தொன்று. பதினொன்றுக்கு முப்பத்தாறு. பன்னிரண்டுக்கு முப்பது. எரிவாயு முள் அசையவில்லை, காற்று முள்ளும் அசையவில்லை.

"உங்க அண்ணன் அடைச்ச துளை தானாத் திறக்குதோ?" என்றான்.

கிண்டலாகத்தான் சொன்னான். எனக்கு அங்கேதான் உறைத்தது. அடைந்த துளை தானாகத் திறக்காது. யாராவது எண்ணைத் திருத்தினாலும் இப்படி ஒழுங்காகத் தேயாது. லேசர் படப்பட, காலையில் இருந்த ஏதோ ஒன்று வெளிறிக்கொண்டு வருகிறது.

மதியம் எரியறையை அணைத்தோம். ஆறியதும் பூச்சுப் பூசிய தகட்டைக் கழற்றி, அதன் இடத்தில் புகைக்கரி படிந்த வெறும் கறுப்புத் தகட்டை வைத்தேன். பூச்சு இல்லை என்றால் ஒளி வரக்கூடாது. லேசரை வெட்டினோம். திரையில், தொடக்கத்தில், ஒரு முள் குத்திட்டு நின்றது. குட்டையான முள், ஆனால் ஊசி மாதிரி கூர்மை. வந்த சுருக்கில் அணைந்துவிட்டது.

"பூச்சே இல்லை. அப்புறம் எது ஒளிருது?" என்றான் மாப்பிள்ளை.

பூச்சு சீராகப் படிந்திருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு புற ஊதாக் கைவிளக்கு உண்டு. அறை விளக்கை அணைத்துவிட்டு அதைப் போட்டேன். சன்னல் கண்ணாடியில், துணி போன வழியெல்லாம், வட்ட வட்டமாக மங்கலான நீலக் கோடுகள். அவன் சட்டையோ நிலவு முளைத்ததுபோல நீலமாக எரிந்தது. பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த துணி அதைவிடப் பிரகாசம்.

"தம்பி, வீட்டுல எதுல துவைக்கிறீங்க?"

"பளிச்சுனு வெளுக்கிற தூள். என் வீட்டுக்காரி வேற எதையும் தொட மாட்டா." கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

வெள்ளையை வெள்ளையாகக் காட்ட அந்தத் தூளில் ஒரு பொருள் சேர்க்கிறார்கள். வெயிலில் இருக்கும் புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும், மஞ்சள் மறையும். துணியிலிருந்து அது துளி கண்ணாடிக்கு வந்துவிட்டது. எங்கள் பூச்சும் நீலம், இதுவும் நீலம். கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆனால் சோப்பின் ஒளி, பூச்சு ஒருமுறை அணைவதற்குள் நூறு முறை செத்துவிடும் சாதி. இரண்டும் கலந்த கோடு தொடக்கத்தில் சரேலென்று விழும். சீக்கிரம் அணைந்தால் சூடு அதிகம் என்பதுதானே கணினிக்குத் தெரிந்த பாடம்? நான் பெட்டியில் வரும் லென்ஸ் காகிதத்தால் துடைக்கிறேன், எனக்கு முள் இல்லை. அவன் என்னைவிடச் சுத்தம், அதுதான் அவன் செய்த ஒரே தப்பு.

வெள்ளிக்கிழமை துருவி கேட்டுவிட்டுச் சிரித்தார். "அண்ணனைக் காப்பாத்த சோப்பைப் பிடிச்சுட்டீங்களாம்மா?"

"நீங்களே துடைச்சுப் பாருங்க சார். நான் கையைக் கட்டிக்கிறேன்."

பூச்சுத் தகட்டை மறுபடி மாட்டி, எரியறை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட்டும் லென்ஸ் காகிதமும் கொண்டு அவரே துடைத்தார்: எழுநூற்றொன்று. மாப்பிள்ளையின் துணியால் துடைத்தார்: எழுநூற்று நாற்பத்து நான்கு. மறுபடி ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, யாரையும் நம்பாமல் தன் கால்சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்துத் தேய்த்தார்: எழுநூற்றுப் பதினெட்டு.

"உங்க வீட்டுத் தூள் கொஞ்சம் மட்டம் சார்," என்றான் மாப்பிள்ளை.

துருவி கைக்குட்டையை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பைக்குள் திணித்தார். "பழைய கோடெல்லாம் இருக்கா? அதையும் சரி பண்ணிக் காட்டுங்க."

இருந்தன. லேசர் வெட்டிய கணத்திலிருந்து நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்தை வெட்டி எறிந்துவிட்டு, மீதிக் கோட்டை மட்டும் கணக்கிட்டோம். அதற்குள் சோப்பு செத்துவிடும், பூச்சு இன்னும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். மாப்பிள்ளையின் மூன்று வாரமும் அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கும் எழுநூற்று மூன்றுக்கும் நடுவே வந்து நின்றது. துருவி அண்ணனின் சான்றிதழ்க் கோப்பை மூடி அலமாரியில் வைத்தார். நான் மாப்பிள்ளையிடம் சகலையைப் பற்றிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நானும் உங்களை நினைச்சதுக்குக் கேட்டதா வெச்சுக்கோங்க," என்றான்.

இப்போது சோதனைக் கூடச் சுவரில் இருப்பது இவ்வளவுதான்: சன்னலை ஸ்பிரிட்டாலும் லென்ஸ் காகிதத்தாலும் மட்டும் துடைக்கவும், துவைத்த துணி கூடாது. தினமும் எரியறையைப் பற்றவைக்கும் முன் கறுப்புத் தகட்டை வைத்து ஒருமுறை பார்க்கவும், முள் தெரிந்தால் மறுபடி துடைக்கவும். லேசர் வெட்டியபின் நொடியின் கோடியில் ஒரு பங்கு கழிந்த பிறகே கணக்கைத் தொடங்கவும்.