ஒரு பெயருக்கு முன்னால்

சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில், நிரூபாவின் அப்பா வழக்கமாக இருக்கும் கதிரையில், சித்தப்பா வரதராஜா இருந்தார். ஃபோன் சார்ஜருக்கான பிளக் அந்த இடத்தில்தான் இருந்தது. அவருக்கு வலப்பக்கம் நிவேதிகா, லப்டொப்போடு. அவளுக்கு எதிரே அவள் தாய் நிரூபா. நிரூபாவின் கணவன் அருந்தவன் கதிரையில் இருக்கவில்லை; குசினி வாசலில் நின்று, இறுதிச் சடங்கு செய்யும் பரமட்டா நிறுவனத்தோடு ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தான்.

அப்பா ஆஸ்பத்திரியில் இறந்து ஆறு மணித்தியாலம் ஆகியிருந்தது. மரண அறிவித்தலை ஒரு மணிக்கு முன் அனுப்பினால்தான் இன்றைக்கே ரேடியோவில் வாசிப்பார்கள். நாளை யாழ்ப்பாணத்துப் பேப்பரிலும் வரும்.

"வாசி பாப்பம்," என்றார் சித்தப்பா.

நிவேதிகா எழுத்துக் கூட்டி வாசித்தாள். "காங்கேசன்துறையைப் பிறப்பிடமாகவும், சிட்னியை வதிவிடமாகவும் கொண்ட, முன்னாள் துறைமுக இலிகிதர் ஜெயரட்ணம் அவர்கள் செவ்வாய்க்கிழமை காலமானார். அன்னார், காலஞ்சென்ற யோகாவின் அன்புக் கணவரும், நிரூபா, கிருபானந்தன் ஆகியோரின் அன்புத் தந்தையும்..."

"நில்லு. கிருபாவுக்கு முன்னாலை ஒண்டு விட்டுப்போச்சு."

"வாட்?"

"காலஞ்சென்ற."

நிவேதிகா தாயைப் பார்த்தாள்.

"விட்டுப்போகேல்லை சித்தப்பா," என்றாள் நிரூபா. "நான்தான் போடேல்லை."

தம்பி கிருபானந்தன் 2009 ஐப்பசியில், முப்பத்தேழு பேரோடு இங்கே வருவதற்கென்று வள்ளம் ஏறினவன். அந்த வள்ளம் எந்தக் கரைக்கும் வரவில்லை. மூழ்கித் தாண்டுபோனதென்றும் ஒருவரும் சொல்லவில்லை. போன மாதம் டைட்டானிக் தாண்டு நூறு வருஷமென்று ரி.வி.யில் காட்டினார்கள். அப்பா குறிப்புப் புத்தகத்தோடு இருந்து பார்த்தார். கிட்டத்தட்ட நாலு கிலோமீற்றர் ஆழம். தேடினவர்கள் கப்பலைத் தேடவில்லை. அதிலிருந்து சிதறின சாமான்களைத்தான் தேடினார்கள். கடலடியில் அவற்றின் வழியே போய்த்தான் கப்பலைக் கண்டார்கள். அப்பா பேனையை மூடிவிட்டுச் சொன்னார்: "பாத்தியே பிள்ளை. தாண்டால் தடயம் இருக்கும். எங்கட வள்ளத்திலையிருந்து ஒரு செருப்பு, ஒரு தண்ணிக் கான் எங்கையாவது ஒதுங்கினதோ? இல்லை. அப்ப அது தாழேல்லை."

நிரூபா அன்றைக்குத் தலையாட்டினாள். அப்பாவுக்காக மட்டும் ஆட்டவில்லை.

"அண்ணைக்கு டைட்டானிக்தான் சாத்திரி," என்றார் சித்தப்பா. "பிள்ளை, ரெண்டரை வருஷம் தாண்டிப்போச்சு. வெள்ளிக்கிழமை கொள்ளி வைக்கப்போறது மருமகன். மகன் எங்கையெண்டு சனம் கேளாதோ?"

"கேக்கட்டும். அந்தச் சொல்லைப் போட்டால் அங்கை ஊரிலை கஜந்தி பொட்டை அழிக்க வேணும். அவளைக் கேளாமல் விடமாட்டன்."

"அப்ப கேள். மணி பதினொண்டரை."

நிரூபா ஃபோனோடு கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தம்பியின் மனைவி கஜந்தி என்ன சொல்லுவாளென்று அவளுக்குத் தெரியும். 'வேண்டாம்' என்ற அந்த ஒரு சொல்லைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் சித்தப்பாவின் வாய் அடைபடும்.

"கஜந்தி, அப்பா விடியப்புறம் போயிட்டார்."

அங்கே பாத்திரமொன்று கீழே வைக்கப்பட்டது. "ஆரடி?" என்று அவளுடைய தாயின் குரல். "நில்லுங்கோ மச்சாள்." செருப்புச் சத்தம், கதவுக் கொண்டி. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கனநேரம் கேட்டது.

நிரூபா விஷயத்தைச் சொன்னாள். "நீர் வேண்டாமெண்டு ஒரு சொல் சொன்னாக் காணும். மிச்சத்தை நான் பாப்பன்."

"போடட்டும் மச்சாள்."

"என்ன?"

"மாமா மாசா மாசம் எழுதுவார். செருப்பு ஒதுங்கேல்லை, கான் ஒதுங்கேல்லையெண்டு. நானும் ஓம் மாமா எண்டு பதில் போடுவன். போன கடிதத்திலை, அந்தக் கப்பலை எழுபத்து மூண்டு வருஷத்துக்குப் பிறகும் கண்டுபிடிச்சவங்கள், மனந்தளராதை எண்டு எழுதியிருந்தார்." குரல் தணிந்தது. "நான் கணக்குப் பாத்தனான். எனக்கு நூற்றொரு வயது வரும்."

நிரூபா கார்க் கதவில் சாய்ந்தாள்.

"உங்கட தம்பிக்கு அந்தியேட்டிக் கிரியை ஒண்டு செய்ய வேணும் மச்சாள். ஆனா அதை நான் கேக்கேலாது. கேட்டால் இஞ்சை என்ன கதை கட்டுவினமெண்டு உங்களுக்குத் தெரியும். நான் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நீங்கள்தான் போட்டதெண்டு உங்கட கையெழுத்திலை ஒரு கடிதம் அனுப்புங்கோ. அம்மாவுக்குக் காட்ட."

நிரூபா திரும்பி வந்தபோது மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னவாம்?" என்றார் சித்தப்பா.

"வேண்டாமெண்டு அழுகிறா." நிரூபா தன் கதிரையில் இருந்தாள். "நிவேதி, அந்தச் சொல்லைப் போடு."

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பிள்ளை அழுதால்... பொறு, யோசிப்பம். அந்த வரியை விட்டிட்டும் அனுப்பலாம்."

"போடச் சொல்லி நிண்டது நீங்கள்."

"அதுக்காக..."

"நிரூ," என்றான் அருந்தவன், ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு. "உம்மட ஒரே தம்பி. நாளைக்கு அவன் வந்து நிண்டால்?"

நிரூபா மேசையில் ஆறிக் கிடந்த கோப்பியை ஒரு மிடறு குடித்தாள்.

"அம்மா, ஆர் யூ ஷுவர்?"

"ஓம். போடு."

நிவேதிகா இரண்டு தரம் பிழையாக அடித்து அழித்தாள். மூன்றாம் தரம் சொல் சரியாக வந்தது. அது வந்ததும் கிருபானந்தன் என்ற பெயர் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டது. பன்னிரண்டு நாற்பதுக்கு அறிவித்தல் போனது. சித்தப்பா சார்ஜரைக் கழற்றிக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த நாள் காலை நிரூபா கடிதத்தை எழுதினாள். நீர் எவ்வளவோ மறித்தும் கேளாமல், அந்தச் சொல்லை நானே போடுவித்தேன். தம்பிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யும்படி கேட்பதும் நானே. இதற்கு வேறு ஒருவரும் பொறுப்பில்லை. திகதி போட்டு, முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

தபால் கந்தோரில் உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தினாள். கவுண்டரில் நின்ற பெண் உறையை நிறுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் காசு கட்டினால் ஒரு இலக்கம் தருவோம், கடிதம் எங்கே நிற்கிறதென்று வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றாள்.

வேண்டாம் என்றாள் நிரூபா. முத்திரையை மட்டும் வாங்கி ஒட்டி, வாசலில் இருந்த சிவப்புப் பெட்டிக்குள் போட்டாள். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. பெட்டி நிறைந்திருந்தது போல.