செல்வராஜா நின்ற வரிசை

செல்வராஜா தொலைக்காட்சியில் பொய் சொன்ன மறுநாள் காலை, ரவுண்ட் ராக்கில் உள்ள அவர் வீட்டு வாசலில் இருபத்தேழு பேர் வரிசையில் நின்றார்கள். அன்று பெட்ரோல் கேலன் இரண்டு டாலர் எழுபத்தொன்பது சென்ட். வானம் தெளிவாக இருந்தது. நின்றவர்கள் எல்லோர் கையிலும் ஒரு கறுப்புக் குடையும் எண் போட்ட மஞ்சள் சீட்டும் இருந்தன. முதல் ஆள் கதவிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றார், கடைசி ஆள் தபால் பெட்டிக்குப் பக்கத்தில். யாரும் கதவைத் தட்டவில்லை. தினமும் போல அமெரிக்கக் கொடியேற்ற வெளியே வந்த செல்வராஜா, கொடியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பொய் பெரிய பொய் ஒன்றும் இல்லை, அந்தச் சேனலில் மற்றவர்கள் சொல்கிறவற்றோடு வைத்துப் பார்த்தால். பெயரிலேயே கழுகு வைத்திருக்கிற சேனல் அது. ரவுண்ட் ராக் தமிழர்கள் அதைக் கழுகு டிவி என்றே சொல்வார்கள். செல்வராஜாவுக்கு அறுபத்தொரு வயது, இலங்கைத் தமிழர், கரவெட்டிக்காரர், மூன்று பெட்ரோல் நிலையங்களின் சொந்தக்காரர். மூன்றிலும் காபி விலைப் பலகைக்கு மேலே, நாட்டுக்குள் குடியேற வருகிறவர்களுக்காக, ‘முறைப்படி வாருங்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்த யாரோ சேனலுக்குச் சொல்ல, 2025 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவரைக் கூட்டிப்போய் முகத்துக்குப் பவுடர் பூசி உட்கார வைத்தார்கள். கழுகு டிவியில் கேள்விகள் பதிலை வயிற்றில் சுமந்துகொண்டே வரும். நீங்கள் மற்றவர்களைப் போல எல்லை ஆற்றைத் தாண்டி வரவில்லை, வரிசையில் நின்றுதானே வந்தீர்கள் என்று நெறியாளர் கேட்டார். ஆமாம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். செல்வராஜாவுக்கு வாய் நிற்கவில்லை. பதினோரு வருடம் நின்றேன், நிழல் கிடையாது, கறுப்புக் குடை ஒன்று வைத்திருந்தேன், மஞ்சள் சீட்டு வியர்வையில் நனையாமல் பார்த்துக்கொண்டேன் என்று அடுக்கினார். நெறியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணீர் வரவில்லை என்றாலும் துடைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது.

உண்மையில் செல்வராஜா எந்த வரிசையிலும் நின்றதில்லை. 1987இல் கரவெட்டியில் அவர்கள் வீடு எரிந்தது. அப்பா உள்ளேயே இருந்தார். அதற்குப் பிறகு கொழும்பு, மாஸ்கோ, மெக்சிகோ என்று அலைந்து, ஒரு தக்காளி லாரியின் அடியில் ஒன்பது மணி நேரம் படுத்துக் கிடந்து, சப்பாத்தைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஆற்றைத் தாண்டியவர் அவர். சான் அன்டோனியோவில் ஒரு நீதிபதி அவர் கதையைக் கேட்டு அகதியாக ஏற்றுக்கொண்டார். இதெல்லாம் அவர் மனைவி பவதாரணிக்குத் தெரியும்.

வரிசையின் முதல் ஆள் கருப்பசாமி, கோவில்பட்டிக்காரர், ரவுண்ட் ராக்கிலேயே பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்ஜினியர். ஹெச்1பி விசாவில் வந்து பதினாலு வருடமாக கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் எண்பத்து நாலு வருடத்தில் கிடைத்துவிடும். அவர் வேலைக்குப் போகாமல் இல்லை. வாசலில் நிற்கிற அதே நேரத்தில் அலுவலகத்தில் மீட்டிங்கிலும் இருந்தார், இரண்டு இடத்திலும் பார்த்தவர்கள் உண்டு. மூன்றாம் நாள் செல்வராஜா கதவைத் திறந்து, இங்கே எதற்காக நிற்கிறீர்கள் என்று அதட்டியபோது அவர்தான் மரியாதையாகப் பதில் சொன்னார்.

“சார், நீங்க டிவில சொன்னீங்கல்ல, லைன்ல நின்னு வந்தேன்னு. பதினாலு வருஷமா அந்த லைன் எங்க இருக்குன்னுதான் சார் தேடிட்டிருக்கேன். இப்பதான் கெடச்சுது. கவுண்டர் எத்தன மணிக்கு ஓப்பன் பண்ணுவீங்க?”

கவுண்டர் ஒன்றும் இல்லை என்று செல்வராஜா சொன்னார். அதைப் பற்றி நீங்கள் டிவியில் ஒன்றும் சொல்லவில்லை, அதனால்தான் இல்லை போலிருக்கிறது என்று கருப்பசாமி ஒப்புக்கொண்டார்.

அவர் சொன்னது சரி என்று சீக்கிரமே தெரிந்தது. அடுத்த பேட்டியில் செல்வராஜா வரிசையில் புழுதி பறந்தது என்றார். மறுநாள் புல்வெளிக்கு மேல் மட்டும் புழுதி பறந்தது. அதற்கடுத்த வாரம் கைக்குழந்தையோடு நின்ற பெண்களைப் பற்றி உருக்கமாகச் சொன்னார்; குழந்தைகளோடு நாற்பது பெண்கள் வந்து நின்றார்கள். ஹோண்டுராஸ்காரர்கள், ஹைட்டிக்காரர்கள், சன்னிவேலிலிருந்து ஹெச்1பிக்காரர்கள் என்று ஜூலைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அவர் காரை எடுத்தால் வரிசையும் பின்னால் போனது. ஃப்ரீவேயில் எழுபது மைலில் போனாலும் பின்பக்கக் கண்ணாடியில் அதே இடைவெளியில், யாரும் ஓடாமல், ஒழுங்காக வந்தார்கள். குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வரிசையைப் பற்றி விதிமுறையில் ஒன்றும் இல்லை, ஆனால் குடைகள் பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

கழுகு டிவி சும்மா இருக்குமா? கேமராவைத் தரையில் வைத்து, நானூறு பேரை நாற்பதாயிரமாகத் தெரியும்படி படம் எடுத்து, படையெடுப்பு என்று சிவப்பு எழுத்தில் ஓடவிட்டது. முதல் மூன்று நாள் அவர்களிடம் ஆயுதம் இருக்கிறது என்று சொன்னது. நாலாம் நாள், ஆயுதம் இருக்கிறதா என்று மக்கள் கேட்கிறார்கள், நாங்கள் கேள்விதானே கேட்கிறோம் என்றது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு கிழவி குழந்தைக்குப் பால் புட்டி கொடுத்துக்கொண்டிருப்பது தெரியும். அவர் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, டிவியில் அதே கிழவியைப் பார்த்துப் பயந்து துப்பாக்கி வாங்கினார். நடுநிலை என்று பெயர் வாங்கிய இன்னொரு சேனல், அங்கே இருப்பது வரிசைதானா என்று விவாதிக்க எட்டு நிபுணர்களைக் கூப்பிட்டது. நாலு பேர் ஆமாம் என்றார்கள், நாலு பேர் இல்லை என்றார்கள். இரு தரப்புக்கும் நன்றி சொல்லிவிட்டு வானிலைக்குப் போய்விட்டார்கள். நிருபர் ஒருவரை வெயிலில் அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொல்லலாம் என்று அந்த மேதைகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இவ்வளவு நடக்கும்போது செல்வராஜாவின் தங்கை தவமணிதேவி, தெற்கே இரண்டரை மணி நேரத் தொலைவில் ஒரு தடுப்பு முகாமில் இருந்தாள். ஐம்பத்து நாலு வயது. வவுனியாவில் அவளுக்கு என்ன நடந்தது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை; போன மாரியில் அண்ணன் தாண்டிய அதே ஆற்றைத் தாண்டி வந்து பிடிபட்டாள். செப்டம்பர் மாதம் ஒரு புதன்கிழமை அவளுடைய அகதி வழக்கு. அண்ணனிடமிருந்து அவளுடைய வழக்கறிஞர் கேட்டது ஒரே ஒரு தாள். வீடு எரிந்ததும், அப்பா செத்ததும், அவர் எப்படி வந்தார் என்பதும் எழுதி, சத்தியம் செய்து, கீழே கையெழுத்து. தாள் ஆறு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய்ப் போத்தலுக்கு அடியில் கிடந்தது. கையெழுத்துப் போட்டால் டிவியில் சொன்னது பொய்யென்று ஊருக்கே தெரிந்துவிடும். சேனல்காரர்களோ செவ்வாய்தோறும் அவருக்கு நிரந்தர இருக்கையும் பெயர் பொறித்த காபிக் கோப்பையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு மனுஷனுக்குத் தங்கையா கோப்பையா என்று ஆறு வாரம் யோசிக்க வேண்டியிருந்தது.

முகாமிலிருந்து தவமணிதேவி ஒருமுறை போன் செய்தாள். “அண்ணை, நீங்கள் புதுசா ஒண்டும் சொல்ல வேண்டாம். நடந்ததைச் சொன்னாக் காணும்.” பார்க்கலாம் என்று செல்வராஜா சொன்னார்.

வழக்குக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை காலையில், பவதாரணி வாயைத் திறந்தாள். “கையெழுத்து வைக்க மனம் வரேல்லையெண்டா, டிவியிலயாவது சொல்லுங்கோ. கடைசியில கவுண்டரைத் திறந்தவங்கள், எல்லாரையும் உள்ள விட்டவங்கள் எண்டு. நீங்கள் சொல்லுறதெல்லாம் நடக்குதுதானே, உங்கட தங்கச்சிக்கும் நடக்கும்.”

இது செல்வராஜாவுக்குப் பிடித்திருந்தது. சொன்ன பொய்யைத் திரும்பப் பெற வேண்டாம், இன்னும் ஒரு முழம் நீட்டினால் போதும். அன்று மாலை நிகழ்ச்சியில் மூன்றாவது நிமிடத்தில், கடைசி நாள் காலையில் என்ன நடந்தது என்றால், என்று தொடங்கினார். நெறியாளர் பாய்ந்து குறுக்கிட்டு விளம்பர இடைவேளை விட்டார். தங்க நாணயமும் ரத்த அழுத்த மாத்திரையும், உலகம் அழிந்த பிறகு தின்ன இருபத்தைந்து வருடம் கெடாத பிஸ்கட்டும் வந்து போயின. அந்த நேரத்தில் நெறியாளர் செல்வராஜாவின் தோளில் கை போட்டு, நகர்கிற வரிசையை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள், அடுத்த வாரத்துக்கு நமக்கு என்ன மிஞ்சும் என்று நண்பரைப் போலவே கேட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. உங்களுக்கு யாரும் கதவைத் திறந்துவிடவில்லை, நீங்களும் புகார் சொல்லவில்லை, அப்படித்தானே என்று நெறியாளர் கேட்டார்.

தங்கை முகம் அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வரத்தான் செய்தது. புதுக் கோப்பை எதிரே இருந்தது, அவர் பெயரில் ஓர் எழுத்துக்கூடத் தப்பாமல். கவுண்டர் திறக்கவில்லை, நாங்கள் புகார் சொல்கிற ஆட்கள் இல்லை என்றார். அதோடு விட்டாரா? யாரும் கேட்காமலே, எங்கள் ஊரில் எங்கள் குடும்பத்துக்கு ஆபத்து என்று ஒன்றும் இருந்ததில்லை, உழைக்கத்தான் வந்தோம் என்றும் சேர்த்துக்கொண்டார். நெறியாளர் கண்ணைத் துடைத்தார்.

மறுநாள் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் நாற்பத்து மூன்று விநாடி ஓடுகிற ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். திரையில் இருப்பவர் உங்கள் சகோதரரா என்று நீதிபதி கேட்டார். தவமணிதேவி திரையைப் பார்த்தாள். வேண்டுமானால் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

“ஓம். என்ர அண்ணைதான்.”

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வழக்கு முடிந்துவிட்டது. அக்டோபர் முதல் வியாழக்கிழமை அவளை ஊருக்குத் திருப்பி அனுப்பும் விமானத்தில் ஏற்றினார்கள். சனிக்கிழமை காலை செல்வராஜா கொடியேற்ற வெளியே வந்தபோது, வரிசையின் கடைசியில், நானூற்றுப் பதின்மூன்றாவது ஆளாக, தவமணிதேவி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே ஓடிப்போய்ப் பவதாரணியை வவுனியாவுக்குப் போன் பண்ணச் சொன்னார். அங்கும் அவளே எடுத்தாள், வந்து சேர்ந்துவிட்டேன் என்றாள். பின்னால் கோழி கத்துவது கேட்டது.

செல்வராஜா இடுப்பில் கட்டிய சாரத்தோடே வரிசையின் ஓரமாகக் கடைசிவரை நடந்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேரைக் கடந்து போக ஆறு நிமிடம் ஆனது. “உள்ள வா பிள்ளை,” என்றார். இந்த முறை கேமரா எதுவும் இல்லை. தவமணிதேவி தன் சீட்டைப் பார்த்தாள், முன்னால் நின்றவர்களைப் பார்த்தாள்.

“இல்லை அண்ணை. முறைப்படி வாறன்.”

இப்போது அது பழகிவிட்டது. குப்பை வண்டி வியாழக்கிழமைகளில் வரிசையைச் சுற்றிக்கொண்டு போகிறது. நாலு மணிக்குப் பவதாரணி மைத்துனிக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறாள். கருப்பசாமிக்கு இன்னும் எண்பத்து மூன்று வருடம்தான். செவ்வாய்க்கிழமை மாலைகளில் சேனல் அனுப்புகிற கார் தெருமுனையில் வந்து நிற்கும். கோட்டும் டையுமாக செல்வராஜா வரிசை நெடுக நடந்து அதற்குப் போவார். கடைசியில் நிற்கும் தங்கையிடம் வரும்போது அவள் ஓர் அடி பின்வாங்கி வழிவிடுகிறாள். அவர் போனதும் மறுபடி முன்னால் வந்து தன் இடத்தில் நின்றுகொள்கிறாள்.