என் ஈரலில் பாதி

எங்கள் நாடகக் கொட்டகையில் என் தம்பிக்குப் பூனை என்று பெயர். குழுவே சேர்ந்து வைத்த பெயர் அது. ஒரு காட்சி முடிந்து விளக்குகள் அணைந்ததும், நாற்காலி, மேசை, மாடிப்படி எல்லாவற்றையும் சத்தமில்லாமல் மாற்றிப் போட வேண்டும். மேடை ஓரத்தில் திரைக்குப் பின்னால் எரிகிற ஒரு சின்ன நீல பல்புதான் அப்போது துணை. மற்றவர்களுக்கு அது போதாது, இவனுக்குப் போதும். நான் அங்கே உடையறையைப் பார்த்துக்கொள்கிறேன். திரும்ப விளக்கு எரியும்போது மேடையில் வேறொரு வீடு நிற்கும். உட்கார்ந்திருக்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். கூடப் பிறந்தவளுக்குப் பெருமை வராமல் என்ன செய்யும்?

அப்பேர்ப்பட்டவன் இடித்துக்கொள்ள ஆரம்பித்தான். முதலில் மேசை முனை, பிறகு தூண். ஒருநாள் ராணியாக நடிப்பவள் உட்கார்ந்திருப்பது தெரியாமல் அவள் மடியிலேயே நாற்காலியைக் கொண்டுபோய் வைத்துவிட்டான். அவள் போட்ட கூச்சலில், அழ வேண்டிய காட்சிக்குக் கொட்டகையே சிரித்தது.

"ஏன்டா, கண்ண எங்க கழட்டி வெச்சிட்டு வந்த?" என்று கத்தினேன்.

"பகல்ல நல்லாத்தான் தெரியுதுக்கா. விளக்கு போனா ஒண்ணுமே தெரியல."

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனாலும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா, நீ டிக்கெட் கவுன்ட்டர்ல உக்காந்துக்கப்பா. யாருக்காவது மண்டை உடைஞ்சா நான் என்ன பண்ணுவேன்?" தம்பி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். எனக்கு மனசே ஆறவில்லை.

கண்ணுக்கு காரட் நல்லது என்று உலகமே சொல்கிறது. நான் சும்மா இருப்பேனா? காலையில் காரட் சாறு, மதியம் வேகவைத்த காரட், மாலையில் பச்சைக் காரட். அவனுக்கு ஏற்கனவே வயிறு மந்தம் என்பதால் ஒரு சொட்டு எண்ணெய்கூட விடவில்லை. கொஞ்ச நாளில் அவன் உள்ளங்கை மஞ்சளாயிற்று. "பாத்தீங்களா, காரட் உடம்புல புடிச்சிடுச்சு!" என்று அவன் கையைப் பிடித்துத் தூக்கிக் கொட்டகை முழுக்கக் காட்டினேன். உடம்பெல்லாம் அரிக்கிறது என்றான். ரத்தம் ஊறுகிறது, அப்படித்தான் அரிக்கும் என்று அடித்துச் சொன்னேன்.

பிறகு ஒருவழியாகக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணைப் பார்த்த கையோடு ஈரல் டாக்டரிடம் அனுப்பினார். அந்த அம்மா தம்பியின் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"காரட் சாப்பிட்டா கை மஞ்சளாகலாம். கண்ணோட வெள்ளை மஞ்சளாகாது. இது காமாலை," என்றார்.

எனக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது. பரிசோதனை எல்லாம் முடிந்து விஷயம் தெரிந்தது: அவனுடைய பித்தக்குழாய்கள் சுருங்கிப்போய், ஈரல் இறுகிவிட்டது.

"அப்ப நான் குடுத்த காரட்டெல்லாம் எங்க போச்சு டாக்டர்?"

"காரட்ல இருக்கற சத்துலேர்ந்துதான் உடம்பு வைட்டமின் ஏ செஞ்சுக்கும். ஆனா அது கொழுப்புல கரையற சத்து. கொழுப்பு குடல்ல சேரணும்னா பித்தநீர் வேணும். இவருக்குப் பித்தநீர் குடலுக்குச் சரியா வரவே இல்ல. நீங்களும் எண்ணெய் விடல. முக்காவாசி அப்படியே வெளிய போயிருக்கும்."

"சேந்திருந்தா?"

"கொழுப்போட கலந்து ரத்தம் வழியா ஈரலுக்குப் போகும். ஈரல் அதை மாசக்கணக்குல சேத்து வெச்சுக்கும். கண்ணு கேக்கும்போது, தானே செஞ்ச ஒரு புரதத்துல ஏத்தி அனுப்பும். மங்கல் வெளிச்சத்துல பாக்கறதுக்குன்னு விழித்திரையில ஒரு நிறமி இருக்கு. அதைச் செய்ய இதுதான் வேணும். வெளிச்சம் பட்டா அது சிதைஞ்சிடும், மறுபடி மறுபடி செஞ்சுகிட்டே இருக்கணும்."

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. எங்கள் உடையறையேதான்! துணி வர வேண்டும், அலமாரியில் இருக்க வேண்டும், நடிகர் கையில் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டும். இவனுக்கு வரத்தும் இல்லை, இருப்பும் இல்லை, ஆளும் இல்லை.

"ஊசியா போட்டுட்டா?"

"கொஞ்சம் போடறோம். அளவு கூடினா அதுவே ஈரலைக் கெடுக்கும். இவருக்கு ஈரலையே மாத்தணும்மா."

"என்னோடத எடுத்துக்கங்க."

"வீட்டுக்குப் போய் யோசிச்சு..."

"யோசிக்க இதுல என்ன இருக்கு?"

தம்பிதான் முரண்டு பிடித்தான். "வேணாம்கா. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா? நான் கவுன்ட்டர்லயே உக்காந்துக்கறேன்."

"வாய மூடுடா. சின்ன வயசுலேர்ந்து என் தட்டுல கை வெச்சவன்தானே? இப்ப மட்டும் என்ன புதுசா மரியாதை?"

என்னைச் சோதித்துவிட்டு டாக்டரம்மா சிரித்தார். "அருமையான ஈரல். நீங்க சேத்து வெச்சிருக்கற வைட்டமின் ஏவும் அதோட சேந்து அவருக்குப் போகும். என்ன சாப்பிடறீங்க?"

"முட்டை, பால், வெண்ணெய். காரட்ட நான் கையாலயும் தொடமாட்டேன்."

பாதிக்கு மேல் வெட்டி எடுத்து அவனுக்குள் வைத்தார்கள். வலியில் உயிர் போயிற்று. அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என்னிடம் மிச்சமிருந்தது மளமளவென்று வளர்ந்துவிட்டது. அவனுக்குள் போனதும் வளர்ந்தது. ஒரே ஈரலை வைத்து இரண்டு பேர் முழுசாக வாழ்கிறோம் என்று பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்வேன். "அக்கா, ஊருக்கே தெரியும், விடுங்க," என்பார் மேனேஜர். தெரியட்டுமே! கொடுத்தவள் நான்தானே?

அவன் கண்ணில் மஞ்சள் போயிற்று, அரிப்பு நின்றது, பசி வந்தது. ஆனால் இருட்டில் தெரிகிறதா என்று கேட்டால் மட்டும், "மேடையில பாத்துக்கலாம்," என்று நழுவினான். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

டாக்டர் பளு தூக்கலாம் என்று சொன்ன பிறகுதான் மேனேஜர் அவனை மேடைக்குள் விட்டார். ஒரே ஒரு காட்சி மாற்றம்தான் சோதனை. இடித்தால் கவுன்ட்டர்தான். அன்றைக்கு உடையறையைப் பூட்டிவிட்டு மேடை ஓரத்தில் நீல பல்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

விளக்குகள் அணைந்தன. எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஏதாவது இடிபடும், விழும், ராணி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். சத்தமே இல்லை. மூக்குக்கு முன்னால் காற்று அசைந்தது. யாரோ எதையோ சுமந்துகொண்டு என்னைத் தொடாமல் தாண்டிப் போனார்கள். மேசை வைத்த சத்தம் இல்லை, மாடிப்படி நகர்ந்த சத்தம் இல்லை. என் தம்பிதான், வேறு யாருக்கு அந்தக் கை வரும்? என்னை அடக்க முடியவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று காதுவரைக்கும் வாயை இளித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தவன் என் பக்கத்தில் ஒரு நொடி நின்றான்.

"பல்லக் காட்டாதக்கா," என்று கிசுகிசுத்தான். "நல்லாத் தெரியுது."