திரும்பி வரும் அட்டியல்

ஜெர்மனியில் வுப்பர்டாலில் இருக்கும் ஸ்ரீஸ்கந்தராஜா ஒரு பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு இத்தாலிய மொழியில் "தே லோ தோ", அதாவது "உனக்கு அதைத் தருகிறேன்" என்று சொன்னால், அது அந்தக் கணமே இத்தாலியில் பலெர்மோவில் அவருடைய மகள் கம்சனாவின் சாப்பாட்டு மேசைக்குப் போய்விடும். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது.

கம்சனா பலெர்மோவிலிருந்த றொனால்டைக் கட்டப்போகிறேன் என்றபோது, "அவையள் எங்கட ஆக்கள் இல்லை" என்று தமிழில் ஏசினார். நன்றாக உறைக்கட்டும் என்று ஜெர்மனிலும் ஏசினார். அகதியாக வந்தவர் ஊரில் எத்தனையோ சாமானை விட்டுவிட்டு வந்தார், சாதியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். செத்துப்போன மனைவி மகளுக்கென்று வைத்துவிட்டுப்போன கழுத்து அட்டியலையும் கலியாணத்துக்குக் கொடுக்காமல் பூட்டிவைத்தார். வெறுங்கழுத்தோடு மாலை மாற்றிய மகள், அவர் ஏசிய இரண்டு மொழிகளிலும் அவரோடு பேசுவதை விட்டாள். தொலைபேசியில் அழைத்தால் இத்தாலியன் மட்டும்தான். வேறு வழியில்லாமல் கிழவர் மாலை வகுப்பில் சேர்ந்தார். யாருக்கு, எதை என்ற இரண்டு சின்னச் சொற்களையும் சேர்த்துச் சொல்லும் பாடத்தை, மகளை நினைத்தபடி குசினியில் சொல்லிப் பழகியபோது, கையிலிருந்த மிளகாய்த்தூள் போத்தல் மறைந்தது. சற்று நேரத்தில் கம்சனா அழைத்து, வந்து சேர்ந்தது என்று இத்தாலியனில் சொல்லிவிட்டு வைத்தாள்.

மிளகாய்த்தூளை அவள் வைத்துக்கொண்டாள். பிறகு போன ஒடியல் மாவையும் வைத்துக்கொண்டாள். கடைசியில் அவர் பூட்டைத் திறந்து அனுப்பிய அட்டியலை மட்டும் "தே லா றென்டோ", உனக்கே திருப்பித் தருகிறேன், என்று வந்த வழியே அனுப்பிவிட்டாள். கிழவர் நொந்துபோனார்.

மாலை வகுப்பில் கூடப் படிக்கும் தமிழ்ப் பெண் கொறற்றி ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"அண்ணை, சாமான் சாமானா அனுப்புறியள். நான் செய்தது பிழை எண்டு வாயால ஒருக்காச் சொல்லுங்கோவன்."

"அது ஏலாது பிள்ளை."

"ஏன் ஏலாது?"

"அந்தப் பாடம் இன்னும் வரேல்லை."

"அது போன மாசமே முடிஞ்சுது, அண்ணை."

அவர் புத்தகத்தை மூடினார்.

இப்போதும் ஞாயிறு காலையில் அட்டியல் போகிறது. கோப்பி ஆறுவதற்குள் திரும்பி வருகிறது. முன்பெல்லாம் சில்லென்று வந்தது, இப்போது கழுத்துச் சூட்டோடு வருகிறது. அது ஆறும்வரை உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்.