வெயில் கேஸ்

இறந்துகிடந்த அப்பாவின் வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. சட்டைக் கையை மணிக்கட்டைத் தாண்டி இழுத்துவிட்டாள், போதவில்லை. அவருடைய இடது கையை எடுத்து வலது கையின்மேல் வைத்தாள். மறைந்துவிட்டது.

"வண்டி பத்து மணிக்கு வருமாம்," என்றபடி உள்ளே வந்தான் அண்ணன். இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவன் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. "வீடு ஏன் இப்படிக் கொதிக்குது? ஜன்னலுக்கெல்லாம் யாரு ஆணி அடிச்சது?"

"நான்தான். திருட்டுப் பயம்."

அது பொய்யில்லை. பதினாறு வருடங்களாகக் காவல் நிலையத்தில் புகார் எழுதுகிறவள் அவள். எந்த மாதம் என்ன புகார் வரும் என்பது ரைட்டரம்மாவான அவளுக்கு மனப்பாடம். மழை பிடித்துக்கொண்டால் பதிவேடு தூங்கும். "திருடனுக்கும் லீவும்மா" என்பார் ஏட்டு. வெயில் ஏறினால் ஜனங்கள் காற்றுக்காகக் கதவைத் திறந்துபோட்டுக் கண்ணயர்வார்கள். மதியத் திருடன் சிரமமில்லாமல் நுழைவான். கூடவே புருஷன் பெண்டாட்டி சண்டை, தண்ணீர்ச் சண்டை, வண்டி நிறுத்துகிற சண்டை. சண்டைகளுக்கு ஸ்டேஷனில் ஒரு பெயர் உண்டு: வெயில் கேஸ். அவள் வைத்த பெயர்தான். வெயில் கேஸை எழுதுவதில்லை. உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, சூடு தணிந்ததும் அனுப்பிவிடுவது. பத்தில் ஒன்பது பேர் திரும்பி வரமாட்டார்கள். இன்ஸ்பெக்டரே மெச்சிய முறை.

அப்பாவும் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறவர். போன வாரம் எதிர் வரிசையில் இரண்டு வீடுகளில் திருட்டு. மறுநாளே ஜன்னல்களை ஆணியடித்துச் சாத்தினாள். காலையில் கதவை வெளியே பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போகத் தொடங்கினாள்.

"பெத்தவனையே லாக்கப்ல வச்சிட்டுப் போறியேம்மா," என்று அப்பா சிரித்தார்.

"ஃபேன் இருக்கில்லப்பா."

நேற்று பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. இரண்டு மணி வாக்கில் பக்கத்து வீட்டு டெய்லர் வேர்த்து ஒழுக ஸ்டேஷனுக்கு வந்தார். தையல் மெஷின் சத்தத்தால் அவருக்கும் அப்பாவுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம்.

"ரைட்டரம்மா, உங்கப்பா சுவத்தைப் போட்டுத் தட்டிக்கிட்டே இருக்காரு."

"மெஷினை நிறுத்துங்க. அவரும் நிறுத்திடுவாரு."

"கரண்டே இல்லம்மா. மெஷின் எங்க ஓடுது? ஒரு நடை வந்து பாத்துட்டுப் போயிடுங்களேன்."

பெஞ்சில் ஆறு பேர் காத்திருந்தார்கள். அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. "ஏட்டய்யா, இன்னொரு வெயில் கேஸ்! டெய்லருக்குத் தண்ணி குடுங்க."

ஸ்டேஷனே சிரித்தது. டெய்லர் டம்ளரைத் தொடாமல் போய்விட்டார்.

அவள் வீடு திரும்பும்போது மணி ஆறு.

அண்ணன் இப்போது அப்பாவின் அருகில் உட்கார்ந்தான். பிடித்துக்கொள்வதற்காகக் கையை எடுத்தவன், அதை வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"என்ன இது? தோலெல்லாம் உரிஞ்சிருக்கு?"

அண்ணன் வாசற்பக்கம் திரும்பினான். நிலைக்கு வெளியே டெய்லர் நின்றிருந்தார்.

"நீங்க பக்கத்து வீடுதானே? நேத்து எதாவது சத்தம் கேட்டுச்சா?"

டெய்லர் அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அசந்து தூங்கிட்டேன் தம்பி. ஒண்ணும் காதுல விழல."

அந்தப் பொய் அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. போட்டுக்கொண்டால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. டெய்லர் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். நேற்றும் இப்படித்தான் மேஜைக்கு எதிரே நின்று துடைத்துக்கொண்டார்.

"கேட்டுச்சுண்ணா," என்றாள். "ஸ்டேஷனுக்கே வந்து சொன்னாரு. ரெண்டு மணிக்கு."

"நீ என்ன பண்ணே?"

"சிரிச்சேன்."

டெய்லர் சத்தமில்லாமல் படியிறங்கிப் போனார். அண்ணன் அவளைத் திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் திட்டவில்லை. அப்பாவின் கையைப் பழையபடி வைத்தான். வெகுநேரம் கழித்து, அவள் முகத்தைப் பார்க்காமலே, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்து இடம் விட்டான்.

வண்டி வரும்வரை அந்த இடம் காலியாகவே இருந்தது.