பாதியில் நிற்கும் குரல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. பல் மருத்துவரின் வரவேற்பறையில் பக்கத்து நாற்காலிக்காரர் வீங்கிய கன்னத்தைத் தாங்கிக்கொண்டு சொன்னது. கணினிக்கு நிரல் எழுதுபவராம். பாதியில் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது வாய் மரத்திருந்தது. கையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

2

தொடக்கம் ஒன்று: ‘யூனிக்ஸ் என்பது ஒரு…’

(வேண்டாம். வாக்கியம் முடிவதற்குள் நீங்கள் எழுந்து காபி போடப் போய்விடுவீர்கள்.)

தொடக்கம் இரண்டு: ‘அக்காவின் தொண்டையில் கத்தி வைத்த அன்று வெளியே மழை…’

(பெய்யவில்லை. துக்கம் என்றாலே எனக்கு மழை வந்துவிடும். கெட்ட பழக்கம்.)

3

அவருடைய அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தொண்டையில் கட்டி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச்சு வராது என்று சொல்லிவிட்டார்கள். சிகிச்சைக்கு முன்பே தம்பி அவளைத் தன் கணினி முன் உட்காரவைத்து, வண்டியில் அவள் சொல்வதையெல்லாம் பதிவுசெய்துகொண்டான். “கிளட்ச மெதுவா விடு.” “கண்ணாடியில வண்டியப் பாரு, உன் மூஞ்சிய இல்ல.” நடுரோட்டில் திணறும் ஒவ்வொருவரிடமும் அவள் சொல்வது இது: “பயப்படாத, நான் பக்கத்துலதான் இருக்கேன்.”

விசையைத் தட்டினால் குரல் வரவேண்டும். அதற்குத் தன் கணினியின் யூனிக்ஸ் இயங்குதளத்தில் சின்னச் சின்ன நிரல்களைக் கருவிகளாக எழுதினான். ஒன்று தேடும், ஒன்று எடுத்துத் தரும், ஒன்று ஒலிக்கும். ஆனால் பயிற்சிப் பள்ளியின் காரில் பொருத்தியிருந்த கணினியில் வேறு இயங்குதளம். கருவிகளையும் பதிவுகளையும் அங்கே குடியேற்ற வேண்டும். திங்கட்கிழமை அக்கா வேலைக்குத் திரும்புகிறாள். குரல் இருந்தால்தான் வேலை என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

குடியேற்றினான். தட்டினார்கள்.

“கிளட்ச மெது” என்றது. “பயப்படாத, நா” என்றது. எல்லாமே பாதியில் நின்றன.

பதிவுசெய்த பழைய கணினியிலிருந்து எல்லாவற்றையும் அழித்து, அதை யாருக்கோ கொடுத்தாகிவிட்டது.

“அக்கா, நான் சரியாப் பதியல போலிருக்கு. எல்லாத்தையும் கெடுத்துட்டேன்.”

அக்கா தன் சிறிய பலகையில் எழுதினாள்: ‘அழாதடா எரும. மிஷின் குரலையே போடு.’

போட்டான். “பயப்படாதீர்கள். நான் அருகில் இருக்கிறேன்” என்றது இயந்திரம்.

‘இதக் கேட்டா எனக்கே பயமா இருக்கு’ என்று எழுதிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

4

(இந்த அக்காமேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நெஞ்சழுத்தம் நிஜத்தில் உண்டா? ஒரு வரைவில் அவளை உட்காரவைத்து அழவைத்தேன். ஒத்துழைக்கவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். அதற்குமேல் நானும் போகவில்லை.)

குரல் பாதியில் நிற்கும் காரணம் ஞாயிறு மாலை பிடிபட்டது. பழைய கணினி எந்தக் கோப்பையும் கடைசிவரை படிக்கும். புதிய இடத்தில் ஒரு பழைய வழக்கம்: ‘இது எழுத்துக் கோப்பல்ல’ என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், குறிப்பிட்ட ஒரு குறியீட்டைக் கண்டதும் ‘முடிந்தது’ என்று எழுந்துவிடும். குரலுக்குள் அந்தக் குறியீடு எங்கே வேண்டுமானாலும் வரும். ‘எழுத்துக் கோப்பல்ல’ என்று சொல்ல, நிரலில் ஒரே ஓர் எழுத்துப் போதும். பழைய இடத்தில் அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்பதால் தம்பி ஒருநாளும் போட்டதில்லை.

போட்டான். உடனே வேறொன்று உறைத்தது. பதிவுகளை இங்கே நகலெடுத்ததும் இதே கருவியாலா? நினைவில்லை. இதே கருவிதான் என்றால் நகலும் பாதிதான், மீதிக் குரல் உலகத்தில் எங்குமே இல்லை.

“இரு அக்கா, முழுசா வந்திருக்கான்னு கோப்போட அளவ மொதல்ல பாத்துடறேன்” என்றான்.

அக்கா பலகையைக் காட்டினாள்: ‘நகரு.’

இங்கேதான் பல் மருத்துவர் அவரைக் கூப்பிட்டார்.

5

முடிவு ஒன்று: முழுக்குரலும் வருகிறது, இருவரும் அழுகிறார்கள். (எனக்கு இதுதான் வேண்டும். அதனாலேயே நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.)

முடிவு இரண்டு: ‘நா’ என்பதோடு மறுபடியும்…

(என்னால் எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.)

அவள் என்ன சொல்வாள் என்பது உங்களுக்குத் தெரியும். கதையைக் கேட்டவர்களில் ஒருவருக்காவது அது நினைவிருக்கும்வரை குரல் முழுசாகப் போய்விடவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். ஆகவே நான் நிறுத்தும் இடத்திலிருந்து நீங்கள் சொல்லுங்கள். மனதுக்குள் இல்லை, வாய்விட்டு.

அக்கா விசையைத் தட்டுகிறாள்.

“பயப்படாத, நான்